வெயில் புண்ணைக் காட்ட வெயிலில் நின்ற கதை

என் இடது காதுமடலின் மேல்விளிம்பில் மிளகளவு எழும்பிய பொருக்கு, உரிந்தால் ரத்தம் கசிவதும் சில நாளில் மறுபடி பொருக்குத் தட்டுவதுமாக 4 மாதம் ஆறாமல் கிடந்தது. தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் மெலனின் குறைந்து பார்வையும் மங்கும் அல்பினிசம் பிறவியிலேயே உள்ள எனக்குக் கண்ணாடி இல்லாமல் ஆகாது என்பதால், அதன் கம்பி உரசிய புண் என்றே அம்மாவும் நானும் நம்பி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களைப் போன்றோருக்குச் சில வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணும் தோல் மருத்துவரின் கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மேலூரிலிருந்து முதல் பேருந்தில் மதுரைக்கு வந்து ஒரு மருத்துவமனையில் சீட்டு வாங்க நின்றால், வரிசை தகரக் கூரையைத் தாண்டி வெயிலுக்குள் வளைந்திருந்தது. குடையை விரித்ததற்குப் பின்னால் நின்றவர் சண்டைக்கு வந்தார். ஒருவழியாகச் சன்னலை அடைந்தபோது, சீட்டு எழுதுபவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வெண்குஷ்டமா தம்பி? அது பின்கட்டு" என்று எழுதியே கொடுத்துவிட்டார், காதில் புண் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவர் வெண்குஷ்டம் என்ற வெண்புள்ளி இடையில் வருவது, எனக்கு இருப்பது பிறவியிலேயே மெலனின் போதிய அளவு சுரக்காத குறை என்று விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அறை வாசலில் எழுதியிருந்ததும் என் பார்வைக்கு எட்டாததால், ஒன்றரை மணி நேரம் தவறான வரிசையில் காத்திருந்துவிட்டு, கழுத்து சிவந்து வீடு திரும்பினேன்.

இரண்டாம் முறை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் தசை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி, ஒரு தையல், அவ்வளவுதான். அதன் பிறகுதான் வேடிக்கை. எடுத்த தசையை மருந்து நீர்க் குப்பியில் போட்டு என் கையிலேயே கொடுத்து, ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னார்கள். உச்சி வெயிலில் முற்றத்தைக் கடந்து போனால், படிவத்தில் எந்தக் காது என்று குறிக்கவில்லை எனத் திருப்பி அனுப்பினார்கள். குப்பிக்குள் மிதந்த அந்த வெள்ளைத் துணுக்கைப் பார்த்தபடி இரு முறை நடந்தேன். நீங்கள் போனால் உறுப்பு, பக்கம், கையெழுத்து மூன்றையும் சரிபார்க்காமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள்.

முடிவு, செதிள் செல் புற்றுநோய் என்னும் தோல் புற்றுநோயின் தொடக்கநிலை. சிறு அறுவையில் முழுதும் அகற்றிவிட்டார்கள். ஓரங்களில் மிச்சமில்லை என்று அறிக்கை வந்த அன்று மாட்டுத்தாவணியில் இரண்டு ஜிகர்தண்டா குடித்தேன்.

சன்ஸ்கிரீன் முகத்துக்கு மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது என் தவறு. காது, பிடரி, புறங்கை, உதடு எல்லாவற்றுக்கும், எஸ்.பி.எஃப். என்னும் வெயில் காப்பு அளவு 30க்குக் குறையாததாக, வெளியில் இருக்கும்வரை 2 மணிக்கொரு முறை தடவ வேண்டும். மேகமூட்டம் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது என்பதால் ஐப்பசி மழைக்காலத்திலும் விதிவிலக்கில்லை. சுற்று விளிம்புள்ள தொப்பியே காதை மறைக்கும்; நான் போட்டிருந்த கிரிக்கெட் தொப்பி மறைக்கவில்லை.

இன்னொன்று, மருந்து கொடுக்குமிடத்தின் பின்னால் ஆய்வகம் வரை கூரையிட்ட நடை ஒன்று போகிறது. அதை நான் கண்டுபிடித்தது ஐந்தாம் முறை போனபோதுதான்.