விண்டோஸ் 10 சிஸ்டத்தை அவசரப்பட்டு விக்காதீங்க

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் வச்சிருக்கற நிறைய பேர் இதையே கேக்கறாங்க: "அண்ணா, விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே, புது சிஸ்டம் வாங்கணுமா?"

2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்டை நிறுத்தினது உண்மை. அதனால சிஸ்டம் ஓடாம போகாது. புதுசா கண்டுபிடிக்கற பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கற அப்டேட் மட்டும் வராது. பேங்க், ஜிஎஸ்டி வேலை பாக்கற சிஸ்டம்னா இது பெரிய விஷயம், அலட்சியமா விடாதீங்க.

வழி இருக்கு. வீட்டு சிஸ்டம்னா செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறங்க. விண்டோஸ் 10ஓட கடைசி வெர்ஷனான 22எச்2ல இருந்தா, கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு பண்ற லிங்க் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணா, காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரைக்கும் அப்டேட் கிடைக்கும்.

விண்டோஸ் 11 ஏறலன்னு கைவிடறதுக்கு முன்னாடி பயாஸை, அதாவது சிஸ்டம் ஆன் ஆகும்போதே திறக்கற அடிப்படை செட்டிங்ஸைப் பாருங்க. ப்ராசஸர் இன்டெல் 8ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருந்தும், விண்டோஸ் 11 கேக்கற டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி ஆஃப்ல கிடக்கறது சகஜம். இன்டெல் போர்டுல அதுக்குப் பேரு பிடிடி, ஏஎம்டியில எஃப்டிபிஎம். ஆன் பண்ணா போதும், பல சிஸ்டத்துல தடை நீங்கிடும்.

ஸ்லோவா இருக்குன்னு மாத்த நினைக்கறவங்க, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான டிரைவ்) போட்டுப் பாருங்க. சுத்தமா வேற சிஸ்டம் மாதிரி ஓடும்! அதுக்கு முன்னாடி டேலி டேட்டா, குழந்தைங்க போட்டோ எல்லாத்தையும் வேற டிரைவுல காப்பி எடுத்துடுங்க.

லேப்டாப் மாடல் நம்பரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க, எந்த எஸ்எஸ்டி பொருந்தும்னு பாத்துச் சொல்றேன்.