ஹைட்ரோ டெஸ்ட் வாரம்: துவாக்குடிப் பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

சனிக்கிழமை வெசலுக்கு (அழுத்தக் கலனுக்கு) ஹைட்ரோ டெஸ்ட்: தண்ணீர் நிரப்பி, பம்ப்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. டிசைன் பிரஷர் 20 பார். அழுத்தக் கலன்களுக்கான விதித்தொகுப்பான ஆஸ்மி செக்‌ஷன் 8 கணக்குப்படி 1.3 மடங்கு போட்டால் டெஸ்ட் 26 பார். ஷெல்லுக்கும் (உருளை உடல்) டிஷ் எண்டுக்கும் (குழிந்த முனை மூடி) கோப்பு தடிமனாக இருக்கிறது. பிளேட்டின் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்), எக்ஸ்ரே ஃபிலிம், எந்த வெல்டர் பற்றவைத்தார் என்பது வரை. அதே 26 பாரைத் தாங்கப்போகும் டம்மிகளுக்கும் (வாய்களைத் தற்காலிகமாக அடைக்கும் மூடிகள்) அவற்றை இறுக்கும் டெஸ்ட் ஸ்டட்டுகளுக்கும் (நட்டு ஏறும் மரைக் கம்பிகள்) ஒரு தாள்கூடக் கிடையாது. மூலையில் கிடக்கும் டிரம்மில் கைவிட்டுக் கிடைப்பதை எடுப்பதுதான் இங்கே வழக்கம். இந்தத் தடவை அப்படி விட எனக்கு மனசில்லை.

மேன்ஹோல் (ஆள் நுழையும் வாய்) 24 இஞ்ச், அழுத்தத் தரம் கிளாஸ் 300, ஒன்றரை இஞ்ச் ஸ்டட் 24. தண்ணீர் அழுத்தும் விட்டத்தை 600 மில்லிமீட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலே மூடியை வெளியே தள்ளும் விசை 75 டன். 75 கிலோ நெல் மூட்டை ஆயிரம். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை அமுக்கிப் பிடிக்கும் இறுக்கம் இதற்கு மேல் தனியாக வேண்டும்.

ஜூன் 4, புதன்

டிரம்மைக் கொட்டிப் பிரித்தோம். துரு ஏறிவிட்டால் பி7 என்ற உயர்வலிமை எஃகு ஸ்டட்டும் மைல்ட் ஸ்டீல் ராடில் மரை போட்ட துண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். முனையை வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் பி7 என்ற முத்திரை தெரிய வேண்டும். அதன் யீல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) குறைந்தது 720 எம்பிஏ. சாதாரண மைல்ட் ஸ்டீல் சுமார் 250. முத்திரை இல்லாதது எல்லாம் தனிக் குவியல்.

“டெஸ்ட்டுக்குத்தானே தம்பி, அரை மணி நேரம் தாங்கினாப் போதாதா?” என்றார் ஃபிட்டர் அண்ணன். அந்த வெசல் தன் ஆயுளில் பார்க்கப்போகும் அதிகபட்ச அழுத்தமே அந்த அரை மணி நேரத்தில்தான் அண்ணே, என்றேன். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் அவரே ஒவ்வொரு ஸ்டட்டிலும் நட்டைக் கையால் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நடுவில் சிக்கினால் மரை இழுபட்டிருக்கிறது அல்லது அடிபட்டிருக்கிறது. அந்த ஸ்டட் வேண்டாம்.

நேரம் மிச்சம் என்று ஒன்று விட்டு ஒன்று ஸ்டட் போடும் பழக்கமும் உண்டு. பாதி ஸ்டட் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்கு சுமை, இடையில் கேஸ்கெட் தளர்வு. 24 ஓட்டைக்கும் 24 ஸ்டட் என்று செக்லிஸ்டில் எழுதிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

8 இஞ்ச் நாசிலுக்கு (குழாய் இணையும் வாய்) வைத்திருந்த டம்மி 12 மில்லி பிளேட்டில் வெட்டியது. கணக்குப்படி வேண்டிய தடிமன் 20 மில்லியைத் தாண்டுகிறது. ஸ்டோரிலிருந்து முறையான பிளைண்ட் ஃபிளாஞ்ச் (அடைப்புத் தட்டு) வாங்கியாயிற்று.

சின்னக் கனெக்‌ஷன்களில்தான் பெரிய பயம். முக்கால் இஞ்ச் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) கப்ளிங்கில் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) பிளக்கும் ஏறும். இரண்டிலும் இஞ்சுக்கு 14 மரைதான், ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. இறுகியது போலவே கைக்குத் தெரியும். உள்ளே பிடிப்பு இருக்காது. அழுத்தம் ஏறும்போது பிடுங்கிக்கொண்டு பறக்கலாம். எல்லா பிளக்கையும் கேஜ் வைத்துப் பார்த்து டேக் கட்டினோம்.

ஜூன் 7, சனி

காலையில் தண்ணீர் நிரப்பினோம். மேலே உள்ள வென்ட்டில் (காற்று வெளியேறும் வழி) குமிழி நின்று முழு ஓட்டமாகத் தண்ணீர் வரும்வரை மூடவில்லை. காற்று சிக்கியிருந்தால் பம்ப் அடிக்க அடிக்க பிரஷர் கேஜ் முள் சோம்பலாக ஏறும். காற்று இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் முள் துள்ளும். இன்று துள்ளியது.

10 பாரில் 6 இஞ்ச் டம்மி ஓரம் ஈரம். அண்ணன் ஸ்பானரோடு எழுந்துவிட்டார். “இறக்கிட்டு இறுக்கலாம் அண்ணே.” பூஜ்யத்துக்கு இறக்கி, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கி, மறுபடி ஏற்றினோம். 26 பாரில் நின்றபோது பக்கத்தில் யாரும் போகவில்லை. மேன்ஹோலுக்கு நேர் எதிரே கயிறு கட்டியிருந்தேன். 20 பாருக்கு இறக்கிய பிறகுதான் வெல்டுகளைக் கிட்டப்போய்ப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

வென்ட்டைத் திறந்துவிட்டே தண்ணீர் வடித்தோம். மூடியே வடித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஷெல்லை உள்ளிழுக்கும். மேன்ஹோலுக்குப் புது ஸ்பைரல் கேஸ்கெட், டெஸ்ட்டில் போட்டது கழிவுக்கு.

அடுத்த வெசலின் டிராயிங்கிலேயே டம்மி தடிமனும் டெஸ்ட் ஸ்டட் கிரேடும் வர வேண்டும் என்று டிசைன் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். முத்திரை இல்லாத குவியலைத் திங்கட்கிழமை கட்டிங்குக்கு அனுப்புகிறோம்.