நயவுரை வேறு, விமர்சனம் வேறு

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ பிரித்தானியாவுக்குப் படிக்கப் போய், அங்கே கலை விமர்சனம் எழுத ஆசைப்படுபவர் முதலில் கைவிடவேண்டியது நம்மூர் விழாச் செய்தியின் பழக்கத்தை. மங்கள விளக்கை ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், பாராட்டிப் பேசும் நயவுரை, ஏற்புரை என்று வரிசைப்படுத்தி முடிக்கும்போது மேடையில் நடந்ததற்கு இடமே இருக்காது. அங்குள்ள பத்திரிகை ஆசிரியர் கேட்பது அந்த மேடையைத்தான்.

தொடங்க நல்ல இடம் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை. பணம் வராது. ஆனால் பத்திரிகையின் பெயரில் நாடக அரங்கின் ஊடகப் பிரிவுக்கு எழுதி இலவச டிக்கெட் கேட்கலாம். இரண்டு வாரம் முன்னதாகவே எழுதுங்கள்: எந்தப் பத்திரிகை, ஆசிரியர் யார், விமர்சனம் எப்போது வரும். ஊடகத்தாருக்கென்று ஒரு காட்சியை ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு முந்திய முன்னோட்டக் காட்சியைப் பார்த்து விமர்சனம் எழுதுவது முறையல்ல. வெளியிடும் நேரம் குறித்துத் தந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட முந்தாதீர்கள். அடுத்த டிக்கெட் கிடைக்காது.

பணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், சுயதொழில் செய்யக்கூடாது. கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பேசி எழுதுவது சுயதொழிலாகிவிடும். படிப்பு முடித்துப் பட்டதாரி விசா பெற்றபின் இந்தத் தடை இல்லை. அதுவரை, யாராவது பணம் தர முன்வந்தால் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அரங்கின் இருட்டில் போனை எடுக்க முடியாது. சிறிய கொப்பியில், பக்கத்துக்கு ஒரு குறிப்பு, பெரிய எழுத்தில். 'அருமை' என்று குறித்தது மறுநாள் எதற்கும் உதவாது. 'தாய் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்' என்பது உதவும். 350 சொல்லில் கதைச் சுருக்கம் 70 சொல்லைத் தாண்டினால் விமர்சனம் மெலிந்துபோகும். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் கதை சொல்வது சுலபம், தீர்ப்புச் சொல்லப் பயம்.

இதைவிடக் கடினம், சிவன் காமனை எரித்த கதையை மாசியில் ஆடும் நம் காமன் கூத்தை அங்குள்ளவருக்கு எழுதுவது. தப்புப் பறையைப் பற்றி 'தப்பு முழங்கியது' என்றால் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. மாசிப் பனியில் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகும். தப்புக்காரர்கள் ஓரமாகப் போய் வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அடி கணீரென்று விழும். இவ்வளவு எழுதினால் எந்த ஊர் வாசகருக்கும் கேட்கும். இது எங்கள் நாட்டில் எதைப் போன்றது என்று ஆசிரியர் கேட்கலாம். ஒப்புமை தேடி ஓடவேண்டாம். ரதி வேடம் கட்டிய ஆண் எரிந்த காமனுக்காகப் புலம்பும்போது சுற்றி நிற்கும் பெண்களின் முகத்தை எழுதுங்கள்.

'மலையகத் தமிழர்' என்ற பெயரை அச்சுக்குமுன் வேறாக மாற்றிவிடுவதுண்டு. அதனால் முதல் தடவையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 1823 முதல் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். இறுதிப் படியைக் காட்டும்படியும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கூத்து வாத்தியாரிடம் போனில் பேசவேண்டியிருந்தால், மாசியில் நேர வித்தியாசம் ஐந்தரை மணி; மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நாலரை. மாசியில் லண்டனில் பிற்பகல் 2.30 என்றால் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் இரவு 8 மணி, வேலை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். பதிவு செய்வதாக முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். முடிவில் அவர் சொன்னதையும், ஆடியவர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டியும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.