உறைக்குள் இருந்த காரணம்

மீடியாஒன் என்ற மலையாளச் செய்தித் தொலைக்காட்சியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று வழங்கிய தீர்ப்பை அண்மையில் மீண்டும் படித்தேன். அரசு ஒரு தொலைக்காட்சியை எப்படி நெருக்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் நான் அறிந்தவரை வேறில்லை.

இன்னதைப் பேசாதே என்று யாரும் அந்நிறுவனத்துக்கு உத்தரவிடவில்லை. பத்தாண்டு ஒளிபரப்பு அனுமதி முடிந்து புதுப்பிக்கக் கேட்டபோது, உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதல் தர மறுத்துவிட்டதாகக் கூறி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜனவரி 31 அன்று அனுமதியை விலக்கிக்கொண்டது. மறுப்புக்கான காரணங்கள் மூடி முத்திரையிட்ட உறையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் மட்டும் தரப்பட்டன. அதைப் படித்துவிட்டுத் தனி நீதிபதி பிப்ரவரி 8 அன்றும், இரு நீதிபதிகள் அமர்வு மார்ச் 2 அன்றும் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். தன்மீதுள்ள குற்றச்சாட்டு என்னவென்றே அறியாதவர் எதை மறுத்து வாதாடுவார்? இது எனக்கு இன்றும் ஆறாத கேள்வி.

உச்ச நீதிமன்றத்தில் அந்த உறையின் உள்ளடக்கம் வெளிப்பட்டபோது, குடியுரிமைத் திருத்தச் சட்டம் முதலியவற்றை விமர்சித்த செய்திகளைக் கொண்டே அது அரசுக்கு எதிரான நிறுவனம் என்று உளவுத்துறை முடிவுகட்டியிருந்தது தெரிந்தது. அப்படி ஒரு சொல்லைக் கையாள்வதே ஊடகம் அரசை ஆதரித்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டுகிறது என்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி அமர்வு கூறி, நான்கு வாரங்களுக்குள் அனுமதியைப் புதுப்பிக்க ஆணையிட்டது. (இதே தொலைக்காட்சி 2020 மார்ச்சில் டெல்லிக் கலவரச் செய்திகளுக்காக 48 மணி நேரத் தடைக்கு உள்ளானது, டெல்லிக் காவல்துறையையும் ஆர்.எஸ்.எஸ். அமைப்பையும் விமர்சிப்பதாகத் தெரிகிறது என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தார்கள். மறுநாளே தடையை நீக்கினார்கள்.)

தீர்ப்பை வரவேற்கிறேன், ஆயினும் என் கவலை தீரவில்லை. நாளிதழ் நடத்துபவர் பத்தாண்டுக்கு ஒருமுறை அமைச்சகத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி நடத்துபவர் நின்றாக வேண்டும். பிப்ரவரி 8 தீர்ப்புக்குப் பின், மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் அமைச்சகத்தின் ஆணைக்கு இடைக்காலத் தடை விதிக்கும்வரை, ஐந்து வாரங்கள் அந்தத் திரை இருண்டே கிடந்தது. அனுமதி முடியும் நாள் நெருங்கும் மற்றொரு நிறுவனத்தின் செய்தி ஆசிரியரும் அந்த ஐந்து வாரங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.