பத்திபாலியாவில் பதினோரு வாரம்

தெற்கு இத்தாலியில் இருக்கிற சலேர்னோவில் ரயில் ஏறித் தெற்கே போனால் இருபது நிமிஷத்தில் பத்திபாலியா வந்துவிடும். ரெஜ்ஜோ கலாப்ரியா போகும் பாதையும், பொத்தென்சா வழியாக மெத்தாபொன்தோ போகும் பாதையும் பிரிகிற ஜங்ஷன். அதனால் இத்தாலிக்காரர்களிலேயே நிறையப் பேருக்கு இது ரயில் மாறும் ஊர், அவ்வளவுதான். கீரையை எடைபோட்டுப் பாக்கெட்டில் அடைக்கும் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கிற வேலைக்காகப் பிப்ரவரியில் அங்கே போனேன். ஏப்ரல் கடைசி வரை இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லோரும் ரோமையும் வெனிஸையும் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பத்திபாலியாவைப் பற்றித்தான்.

பார்த்தவுடன் பிடித்துப்போகிற ஊர் இல்லை இது. குன்றின் மேல் காஸ்தெல்லூச்சா என்று ஒரு பழைய கோட்டை நிற்கிறது, கீழே துஷானோ ஆறு ஓடுகிறது. மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடுக்குமாடிக் குடியிருப்புகள், அவற்றைத் தாண்டினால் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். கிரேக்கர்கள் கட்டிய கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் இதைத் தாண்டிப் பேஸ்துமுக்குப் போய்விடுகிறார்கள்.

இங்கே பழசு இல்லாததற்குக் காரணம் உண்டு. 1857 டிசம்பரில் பக்கத்து பசிலிக்காத்தாவில் பெரிய நிலநடுக்கம் வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வீடிழந்தவர்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்த, நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு 1858-இல் இந்தக் குடியிருப்பை உருவாக்க ஆணையிட்டார். ஆனால் செலே ஆற்றுச் சமவெளி அப்போது சதுப்பு நிலம், மலேரியாக் காடு. அந்தச் சேற்றில் நிம்மதியாக இருந்தவை எருமைகள் மட்டும்தான். இருபதாம் நூற்றாண்டில் தண்ணீரை வடித்து நிலத்தை மீட்ட பிறகுதான் ஊர் வளர்ந்தது. 1929-இல் தனி நகராட்சியானது. 1943-இல் நேச நாட்டுப் படைகள் சலேர்னோ வளைகுடாவில் இறங்கியபோது விழுந்த குண்டுகளில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. இப்போது ஐம்பதாயிரம் பேர் வரை வாழ்கிறார்கள்.

சரி, எருமைக்கு வருகிறேன். அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது.

மொசரெல்லா என்றால் பீட்சா மேல் தூவுகிற ரப்பர் மாதிரியான சங்கதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை விடியற்காலை, கூட வேலை பார்த்தவர் தன் மைத்துனரின் பாலாடைக்கட்டிப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். முழுக்க முழுக்க எருமைப்பால். பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு, சுண்ணாம்பு மாதிரி வெளேரென்று இருந்தது. பாலை வெதுவெதுப்பாக்கி, முந்தின நாள் தெளிந்த மோர்த்தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். நம் வீட்டில் உறை ஊற்றுவது போலவேதான். இன்றைக்கு எடுத்து வைத்த தண்ணீர் நாளைக்கு உறை, நாளைக்கு எடுத்தது நாளை மறுநாளுக்கு. இதைப் பார்த்ததும் அந்நிய இடத்தில் நிற்கிற உணர்வே போய்விட்டது. அப்புறம்தான் வேறு வழியில் போகிறார்கள். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்த்துத் திரளச் செய்கிறார்கள். திரண்டதை வால்நட் அளவுக்கு உடைத்து, அந்த மோர்த்தண்ணீருக்குள்ளேயே சில மணி நேரம் புளிக்க விடுகிறார்கள்.

பதம் பார்ப்பதுதான் தலைமைப் பணியாளரின் கைத்திறன். ஒரு கைப்பிடி கட்டியை எடுத்துக் கொதிநீரில் போட்டார், குச்சியில் சுற்றித் தூக்கினார். பாதியில் அறுந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி தூக்கினார். இந்தத் தடவை இழை அறுபடாமல், பளபளவென்று ஒரு முழத்துக்கு மேல் இறங்கியது. உடனே பட்டறை முழுக்கச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. மொத்தக் கட்டியையும் சீவித் தொட்டியில் போட்டு, 95 டிகிரிக்குக் காய்ந்த தண்ணீரை ஊற்றிக் கட்டையால் கிளறிக் கிளறி இழுத்தார்கள். பரோட்டா மாவு போல ஒரே பிண்டமாகச் சேர்ந்தது. ஒருவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள, எதிரே நின்றவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெரித்து, உருண்டையாகக் கிள்ளிக் குளிர்ந்த தண்ணீரில் எறிந்தார். ‘மொச்சாரே’ என்றால் துண்டிப்பது. மொசரெல்லா என்ற பெயரே அந்தக் கிள்ளலிலிருந்து வந்ததுதான்.

அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை வேகவைத்தது போலச் சிவந்து, மேலே வெளுத்திருந்தது. அந்தக் கையாலேயே ஒன்றை எடுத்து நீட்டினார். கடித்ததும் பால் வழிந்து முழங்கை வரை ஓடியது. ஃபிரிட்ஜில் வைக்காதே, இன்றைக்கே சாப்பிடு, கசேர்த்தாக்காரர்கள் செய்வது உப்பு தூக்கல், எங்களுடையதுதான் இளசு என்று ஒரே மூச்சில் சொன்னார். இந்த உப்புத் தகராறு, சலேர்னோவும் கசேர்த்தாவும் இருக்கிற கம்பானியா மாநிலம் முழுக்க உண்டு. நான் பத்திபாலியாவின் பக்கம்.

எருமைகளைப் பராமரிக்கிறவர்களில் பலர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் அப்படி ஒருவரோடு எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். மூன்று மணிக்கு எழுந்தால்தான் கறவை முடியும் என்றார். பசுமைக்குடில்களில் மொராக்கோக்காரர்கள் நிறைய. உலகமே பேர் சொல்லி வாங்கும் ஒரு பொருளுக்கு விடிவதற்கு முன்னால் உழைக்கிறவர்களின் பேர் எந்த டப்பாவிலும் இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

என் வேலை ருக்கோலாக் கீரையோடு. கடுகுபோல லேசாகக் காரமடிக்கும் இலை. செலே சமவெளி ருக்கோலாவுக்கு 2020-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தடவை விதைத்து, வெட்ட வெட்டத் துளிர்ப்பதைப் பல முறை அறுக்கிறார்கள். கழுவி, நீரை உதறி, பாக்கெட் போட்டுக் குளிர் லாரியில் ஏற்றுவது வரை எல்லாம் ஊருக்குள்ளேயே. இங்கே வயலுக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு சாலைதான் இருக்கிறது. எது விவசாயம், எது தொழிற்சாலை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது கீரை இருக்கிற இடத்தில் முன்பு புகையிலை இருந்தது. அதைச் சொன்னவர் எனக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த அம்மா. அவருடைய தாயார் புகையிலை ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே வேலை பார்த்த பெண்களைத் ‘தபாக்கீனே’ என்பார்கள்.

ஏப்ரல் 9 அன்று வேலை முடிந்து நான் வந்தபோது அவர் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். 1969-இல் அதே தேதியில், புகையிலை ஆலையையும் சர்க்கரை ஆலையையும் மூடப் போகிறார்கள் என்று ஊரே வேலைநிறுத்தம் செய்தது. ரயில் பாதையை மறித்தார்கள். போலீஸ் சுட்டது. 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். தன் வீட்டு ஜன்னலருகே நின்றிருந்த ஓர் இளம் ஆசிரியையும் குண்டு பட்டு இறந்தார். ஆத்திரத்தில் கூட்டம் நகராட்சிக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. இரண்டு நாள் கழித்து இத்தாலி முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. அன்றைக்கு இந்த அம்மாவுக்கு ஒன்பது வயது. “ஜன்னல் பக்கம் போகாதே, போகாதே என்று அம்மா கத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு” என்றார். சோற்றுக்கு வழியான ஆலையை மூடாதே என்று கேட்டதற்கு விழுந்த குண்டு அது. ஐம்பது வருஷம் கடந்தும் அவருக்கு அது ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் நான் கொண்டுவந்திருந்த ருக்கோலாப் பாக்கெட்டைப் பிரித்து மேஜையில் கொட்டினார். ஓர் இலையை எடுத்துத் தொடையில் வைத்து, உள்ளங்கையால் நீவி விரித்தார். அம்மா இப்படித்தான் புகையிலையைத் தரம் பிரிப்பார், நிறம் பார்த்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார், கடைசி இலையாலேயே கட்டைச் சுற்றி முடிவார் என்று செய்து காட்டினார். ருக்கோலா இலை சின்னது, முடியும்போது கிழிந்தது. இன்னொன்று எடுத்தார். “பிசின் ஒட்டி அம்மா விரலெல்லாம் கறுப்பாகவே இருக்கும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது.”

ஏழெட்டுச் சின்னக் கட்டுகள் வரிசையாக நின்றன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து விளக்கைப் போட்டார். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கழுவி, இரண்டு தட்டில் பரப்பி, மேலே ஆளுக்கொரு மொசரெல்லா வைத்தார்.