அல்பீன் ஏ110 ஆர்டர் செய்த கதை: படிவத்தில் விடுபட்ட ஒரு வரி

கார் வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஆனாலும் அந்த ஆர்டர் படிவத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே ஒரு வரி விடுபட்டதால் சிக்கலில் மாட்டி, ஆண்டின் கடைசி வாரத்துக்குச் சற்று முன்புதான் மீண்டது. பிரான்சில் புது ஸ்போர்ட்ஸ் கார் ஆர்டர் செய்யும் எண்ணத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் பட்டது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எந்தக் கார் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. பிரெஞ்சு நிறுவனமான அல்பீன் 2017இல் மறுபிறவி கொடுத்த ஏ110தான். இருக்கைகளுக்குப் பின்னால் 1.8 லிட்டர் டர்போ என்ஜின், 252 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,100 கிலோ எடை. கியர்பெட்டி ஏழு வேக இரட்டைக் கிளட்ச் ஒன்றே என்பதால் அதில் தேர்ந்தெடுக்க ஏதுமில்லை. 1973இல் தயாரிப்பாளர்களுக்கான முதல் உலக ராலிப் பட்டத்தை வென்ற பழைய ஏ110இன் நீலத்தைத் தவிர வேறு நிறத்தை நான் நினைத்ததும் இல்லை.

சிக்கல் இருக்கையில் தொடங்கியது. இந்தக் காருக்கு இருவகை இருக்கைகள் உண்டு. இரண்டுமே சபெல்ட் நிறுவனம் செய்பவை. ஒன்று ஒரே வார்ப்பாக அமைந்த பந்தய இருக்கை, எடை 13.1 கிலோதான். முன்னும் பின்னும் நகர்த்தலாம், ஆனால் சாய்மானத்தை மாற்ற முடியாது. உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் கருவி கொண்டு போல்ட்டைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். மற்றொன்று சாய்மானமும் உயரமும் மாற்றக்கூடிய வசதி இருக்கை. படத்தில் பார்த்தால் முதலாவதுதான் மனத்தை அள்ளும். நானும் முதலில் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன்.

உட்கார்ந்து பார்க்காமல் ஆர்டர் கொடுக்கக் கூடாது என்று தோன்றியதால், எங்கள் பகுதி விற்பனை நிலையத்தில் அந்த இருக்கை உள்ள கார் இல்லை என்றதும், இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்த வேறொரு நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். இருக்கிறது, தாராளமாக வாருங்கள் என்றார்கள். அரைநாள் விடுப்பு எடுத்து, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனால், அங்கே நின்ற காரில் இருந்தது வசதி இருக்கை. பந்தய இருக்கை உள்ள கார் முந்தைய வாரமே விற்றுவிட்டதாம். வருத்தம் தெரிவிக்கக்கூட யாரும் எழுந்து வரவில்லை. பார்க்கப் போகும் காரில் எந்த இருக்கை, எந்தச் சக்கரம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்காமல் இனி ஒரு கிலோமீட்டரும் ஓட்டிப் போக மாட்டேன்.

பத்து நாள் கழித்து மூன்றாவது ஓர் இடத்தில் அந்த இருக்கை கிடைத்தது. எனக்குப் பொருந்தியது. அப்பாவுக்கோ உள்ளே இறங்குவதே பாடாக இருந்தது. காரின் உயரமே 1.25 மீட்டர்தான்; அதற்குள் குனிந்து, உயர்ந்து நிற்கும் பக்கவாட்டுத் திண்டைத் தாண்டி இடுப்பை இறக்க வேண்டும். எழும்போது அவர் ஒரு கையைக் கதவின் விளிம்பிலும் மறு கையை என் தோளிலும் ஊன்றி, இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறைதான் வெளியே வந்தார். "உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கப்பா, நான் எத்தனை நாள் இதுல ஏறப் போறேன்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. வசதி இருக்கை என்று அங்கேயே முடிவு செய்தேன். இருவர் மட்டுமே அமரும் காரில் இரண்டாவது இருக்கையில் அடிக்கடி உட்காரப் போகிறவரைக் கூட்டிப் போய் உட்காரவைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதாது, அரை மணி நேரமாவது உட்காரட்டும்.

பொருள் வைக்கும் இடத்தையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. முன்னால் 100 லிட்டர், என்ஜினுக்குப் பின்னால் 96 லிட்டர் என்று கணக்கு சொன்னாலும், முன்பெட்டி ஆழமில்லாதது. டாஷ்போர்டில் காகிதம் வைக்கும் பெட்டி கிடையவே கிடையாது. நான் எங்கள் வாரக்கடைசிப் பையைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன். விற்பனையாளர் வியப்பாகப் பார்த்தார், ஆனால் பை பின்பெட்டிக்குள் பொருந்தவில்லை என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்தது சக்கரம். இங்கேதான் பலர் அறியாத ஒரு கணக்கு இருக்கிறது. பிரான்சில் புதுக் காரைப் பதிவு செய்யும்போது, அது கிலோமீட்டருக்கு வெளியிடும் கரியமில வாயுவின் அளவைப் பொறுத்து மாலுஸ் என்னும் வரியைக் கட்ட வேண்டும். இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறுவதோடு நிற்பதில்லை. டபிள்யூஎல்டிபி என்னும் புகை அளவிடும் சோதனை முறையில் ஒவ்வொரு காருக்கும் அதன் எடை, டயர், காற்றுத்தடை ஆகியவற்றை வைத்துத் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. ஆகவே நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் அம்சமும் அந்த எண்ணை அசைக்கலாம். பெரிய சக்கரத்தின் விலையைப் பார்க்கிறோம். அது வரியில் சேர்க்கும் தொகையைப் பார்ப்பதில்லை. நான் முதலில் 18 அங்குலச் சக்கரத்தைத் தேர்ந்திருந்தேன். வரி அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தேர்வுகளையும் ஒப்பிட்ட பிறகு 17 அங்குலத்துக்கு மாறினேன். இந்த மாற்றம்தான் பின்னால் வினையாக வந்தது.

மாலுஸில் இன்னொரு கூர்மையான பகுதி உண்டு. எந்த ஆண்டின் அட்டவணை என்பதை ஆர்டர் கொடுத்த நாள் தீர்மானிப்பதில்லை. கார் முதன்முதலாகப் பதிவாகும் நாளே தீர்மானிக்கிறது. 2023 அட்டவணையில் உச்சவரி 50,000 யூரோ. 226 கிராமை எட்டினால்தான் அது. 2024 அட்டவணையிலோ 194 கிராமிலேயே உச்சம் தொட்டுவிட்டது, தொகையும் 60,000. வரி தொடங்கும் இடமும் 123 கிராமிலிருந்து 118 ஆக இறங்கிவிட்டது. ஏ110 உச்சத்துக்குக் கீழேதான் நிற்கும் என்றாலும், இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் எல்லாமே செங்குத்தாக ஏறிவிட்டதால், டிசம்பரில் பதிவாகும் காரும் ஜனவரியில் பதிவாகும் அதே காரும் வரியில் ஒன்றல்ல. எடைக்கான தனி வரி 2023இல் 1,800 கிலோவுக்கு மேல்தான் என்பதால் அந்தக் கவலை மட்டும் எனக்கு இல்லை.

2023 மார்ச் மாதம் படிவத்தில் கையெழுத்திட்டேன். நான் கேட்டவை மூன்றே: வசதி இருக்கை, ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், பின்கேமராவும் உணரிகளும் அடங்கிய தொகுப்பு. மூன்றாவதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை. எங்கள் குடியிருப்பின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் வளைந்து ஏறும் சரிவு ஒன்று இருக்கிறது. இந்தக் காரின் பின்கண்ணாடி வழியே தெரிவது ஒரு சாண் அகல உலகம். கேமரா இல்லாமல் அந்தத் தூணைத் தாண்டிப் பின்னால் வர முடியாது.

கையெழுத்து நாளன்று, சக்கரத்தை மாற்ற வேண்டும் என்றதும் விற்பனையாளர் கணினியில் முழுத் தேர்வையும் மீண்டும் உள்ளிட்டார். மொத்தத் தொகை குறைந்து வந்தது. சக்கரத்தைச் சிறிதாக்கினால் குறையத்தானே செய்யும் என்று நானும் கையெழுத்திட்டேன். ஆறு வாரம் கழித்து ஆர்டர் உறுதிச் சீட்டு வந்தபோது, சமையலறை மேசையில் அதை விரித்து, குறியீடுகளின் மேல் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். இருக்கை இருந்தது. எக்ஸாஸ்ட் இருந்தது. அதற்கு அடுத்து நிறம் வந்துவிட்டது. கேமராவுக்கான வரி எங்குமே இல்லை.

மறுநாள் காலையிலேயே போனேன். விற்பனையாளர் சீட்டைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், "நீங்கள் ஒப்புக்கொண்டதுதான் இதில் இருக்கிறது, மெசியே" என்றார். ரத்து செய்யலாமா என்று கேட்டபோது, கொடுத்த முன்பணம் அக்கோம்ப்த் என்று எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அப்போதுதான் அந்தச் சொல்லின் எடை எனக்குப் புரிந்தது. முன்பணத்தை "ஆர்" (arrhes) என்று குறித்திருந்தால், அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து விலகிக்கொள்ளலாம். விற்பவர் விலகினால் அவர் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அக்கோம்ப்த் என்றால் இரு தரப்பும் கட்டுண்டவர்கள். எதுவுமே குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஆர் என்றே கொள்ளும். மேலும், விற்பனை நிலையத்திலேயே நேரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பதினான்கு நாள் மனமாற்றக் காலம் கிடையாது. அந்தக் காரை வாங்குவதற்கென்றே கடன் எடுத்து அது படிவத்திலும் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்த வழி திறக்கும். நான் முழுப் பணமும் கையிலிருந்து கொடுப்பதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய தாள். முதல் சந்திப்பில் அவர் அச்சிட்டுக் கொடுத்த விலைமதிப்பில், கேமராத் தொகுப்பின் எதிரே அவரே பேனாவால் சரியிட்டு, தேதியும் போட்டிருந்தார். அதையும், சக்கரத்தை மட்டும் மாற்றச் சொல்லி நான் அனுப்பிய மின்னஞ்சலையும் இணைத்து மேலாளருக்கு எழுதினேன். தயாரிப்பு வரிசையில் என் காரின் தேர்வுகள் இன்னும் இறுதியாகாததால் திருத்த முடிந்தது. எந்தப் பேச்சும் வாய்மொழியாக முடிய விடாதீர்கள். சந்தித்து வீடு திரும்பியதும் பேசியதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

திருத்தம் நடந்தது, ஆனால் கார் வரிசையில் பின்னுக்குப் போனது. படிவத்தில் இறுதி நாள் நவம்பர் 30. செப்டம்பரில் விசாரித்தபோது ஜனவரி ஆகலாம் என்றார்கள், அதுவும் காலநிலையைச் சொல்வதுபோல. புது அட்டவணை வரியை யார் கட்டுவது என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி காலை, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். இறுதி நாள் கடந்துவிட்டது, நியாயமான கூடுதல் அவகாசமாக டிசம்பர் 22 வரை தருகிறேன், அதற்குள் கார் வராவிட்டால் நுகர்வோர் சட்டப்படி ஒப்பந்தத்தை முறித்து முழுப் பணத்தையும் திரும்பக் கேட்பேன் என்று அதில் இருந்தது. கோபமான சொல் ஒன்றும் இல்லை. இந்த உரிமைக்கு அடிப்படையே படிவத்தில் எழுதப்பட்ட அந்த இறுதி நாள்தான். அந்தக் கட்டத்தில் தோராயமாக இந்தப் பருவம் என்று எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள்; நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும்.

ஐந்தாம் நாள் மேலாளரே அழைத்தார். கார் தியெப் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிவிட்டது என்றார். டிசம்பர் 20ஆம் தேதி பதிவு முடிந்து, கார்த் கிரீஸ் என்னும் வாகனப் பதிவுச் சான்றின் நகல் மின்னஞ்சலில் வந்தது. நான் முதலில் பார்த்தது பதிவு நாளை, அடுத்து வி.7 என்ற கட்டத்தில் இருந்த கரியமில வாயுவின் கிராம் அளவை. 2023 அட்டவணைப்படியே வரி கணக்கிடப்பட்டிருந்தது. அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒப்படைப்பு நாளில் சாவியை வாங்கும் முன் உறுதிச் சீட்டை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உள்ள பொருளைத் தொட்டுச் சரிபார்த்தேன். பின்கேமராவை இயக்கிப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். அன்று மாலை அப்பா பக்கத்து இருக்கையில் ஏறி, சாய்மானத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "இது போதும்பா, கிளம்பு" என்றார்.