விளக்குக்குப் பக்கத்தில் ஆள் படம்

வேலூரிலிருந்து சிகாகோ வரை என் மனைவி அந்தப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தவில்லை.

இருக்கைக் கைப்பிடியில் ஒரு ரிமோட் இருக்கும், அதில் ஓர் ஆள் படம் இருக்கும், அதை அழுத்தினால் பணிப்பெண் வந்து நிற்பார், தண்ணீரோ போர்வையோ எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மகள் ஒரு வாரமாகத் தொலைபேசியில் பாடம் நடத்தியிருந்தாள். இவளும் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றுதான் சொன்னாள். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு என் பக்கம் சாய்ந்து, "மணியடித்துக் கூப்பிட அந்தப் பெண் என்ன நாம் கூலி கொடுத்து வைத்த ஆளா? யார் பெற்ற பிள்ளையோ" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகளின் முதல் பிரசவத்துக்குப் போனோம். எனக்கும் அவளுக்கும் அதுதான் முதல் விமானம். 31 வருடம் ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் தோல் தரம் பிரித்தவன் நான். நான் தொட்டுப் பார்த்து அனுப்பிய தோல்கள் கப்பலேறி எத்தனையோ நாடுகளுக்குப் போயின. நான் மட்டும் பெங்களூரைத் தாண்டியதில்லை. தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். அப்துல்லாபுரத்தில் ஓர் ஓடுதளமும் இருக்கிறது. நாங்கள் கிளம்பிய நாள்வரை அதிலிருந்து பயணிகள் விமானம் எதுவும் பறக்கவில்லை என்பதால் அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனை அரிசிக் கடைத் தராசில் நான்கையும் ஏற்றி இறக்கினோம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எடையை உரக்கச் சொன்னதால், யார் வீட்டுப் பெட்டியில் எத்தனை கிலோ என்பது தெருவுக்கே தெரிந்துபோனது. பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி, பழைய பருத்திப் புடவைகள். கொப்பரைத் தேங்காயை மட்டும் கடைசி நேரத்தில் எடுக்கச் சொன்னான் உறவுக்காரப் பையன் ஒருவன். கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானத் துறையில் அதை ஆபத்தான பொருள்களோடு சேர்த்திருக்கிறார்களாம். என் மனைவி நம்பவில்லை. நான் நம்பினேன். எண்ணெய்ப் பிசுக்குத் துணியைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும் என்பது டேனரியில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும்.

இரவு எட்டு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். காவேரிப்பாக்கத்தில் டீ. அதற்கப்புறம் சாலை அகலப்படுத்தும் வேலைகளுக்கிடையில் ஊர்ந்து ஊர்ந்து சென்னை விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு.

அங்கே முதலில் கண்ணில் பட்டது சக்கர நாற்காலி வரிசை. இருபது, இருபத்தைந்து இருக்கும். எல்லாவற்றிலும் எங்கள் வயதுக்காரர்கள், பாதிப் பேர் பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள். நன்றாக நடக்கிறவர்கள்கூட இதில் ஏறிக்கொள்கிறார்களே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. வளைகுடா நகரத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்கு எந்த வாசல் என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் அலைந்த பிறகு எரிச்சல் போய்விட்டது. மொழி தெரியாதவர்களுக்கு அந்த நாற்காலி கால் இல்லை, வாய். தள்ளுகிறவர் கேட்டுக்கொள்வார், தள்ளுகிறவர் பதில் சொல்வார்.

சென்னையிலிருந்து அதுவரை பறந்த நான்கு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கிவிட்டோம்.

இரண்டாவது விமானம்தான் விஷயம். போயிங் 777. 11,000 கிலோமீட்டருக்கும் மேல், பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். மூன்று, நான்கு, மூன்று என்று வரிசைக்குப் பத்து இருக்கைகள். எங்களுக்கு நடு நான்கில் இரண்டு. போகிற வழியில் பிசினஸ் வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கை சும்மா இருக்குமா? நடந்தபடியே ஓர் இருக்கையின் தோள்பக்கத்தைத் தடவினேன். அசல் தோல்தான், பூச்சு மெல்லிசு. எங்கள் இருக்கையோ துணி, தலை சாயும் இடத்தில் மட்டும் தோல் மாதிரி ஒன்று. மயிர்க்கால் தடமே இல்லை. ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அடியில் துணி. தோல் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை நார்நாராக்கி, துணியோடு சேர்த்து அழுத்தி, மேலே பூச்சுக் கொடுத்துச் செய்கிற சரக்கு. கனம் குறைவு, விலையும் குறைவு. குறை சொல்ல மாட்டேன், பாதுகாப்பாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தோல் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். "ஏங்க, கிழித்துவிடாதீர்கள்" என்றாள் மனைவி.

புறப்பட்டது காலையில். மேற்கே போவதால் சூரியன் கூடவே வந்தது, சிகாகோவில் இறங்கும்வரை அஸ்தமிக்கவே இல்லை. ஆனால் முதல் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களையெல்லாம் மூடச் சொல்லி, விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே நடுச்சாமம். முந்நூறு பேரும் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டு தூங்கினார்கள்.

முதல் சாப்பாட்டில்தான் வம்பு. அது புரட்டாசி மாதம். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லாம் உண்டு, புரட்டாசியில் முட்டை ஓடுகூட உள்ளே வராது. மகள் அதை நினைவில் வைத்துத்தான், டிக்கெட் எடுக்கும்போதே 'இந்து உணவு' என்று பதிவு செய்திருந்தாள். இது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விமானக் கணக்கில் இந்து உணவு என்றால் மாட்டிறைச்சி இல்லாத உணவு, அவ்வளவுதான். ஆடு வரலாம், கோழி வரலாம், மீனும் வரலாம். நம் ஊர்ச் சைவம் வேண்டுமானால் 'ஆசிய சைவ உணவு' என்று கேட்க வேண்டும், அதற்கு ஏ.வி.எம்.எல். என்று நான்கெழுத்துக் குறியீடு. புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். தட்டின் மேல் எங்கள் இருக்கை எண்ணை ஒட்டி, மற்றவர்களுக்கு முன்பாகவே கொண்டுவந்து வைத்தார்கள். மனைவி அலுமினியத் தாளை ஒரு மூலையில் பிரித்தாள். ஆவி வந்தது. அப்படியே மடித்து மூடிவிட்டாள்.

"என்ன?"

"கோழி."

பொத்தானை அழுத்தி வேறு தட்டு கேட்கலாம் என்றேன். அந்தப் பெண்கள் எத்தனை பேருக்குத்தான் பார்ப்பார்கள், பாவம், வேண்டாம் என்றாள். நானே அழுத்தப் போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காலடியிலிருந்த பையைத் திறந்து, வாழையிலையில் கட்டி மேலே செய்தித்தாள் சுற்றிய புளிச்சோற்றை எடுத்தாள். பிரித்ததும் முன்வரிசையில் இரண்டு தலை திரும்பியது.

நான் சொன்னால் மிகை என்பீர்கள், அந்தப் புளிச்சோறு வீட்டில் சாப்பிடுவது போலவே இருந்தது. விமானத் தட்டில் இருந்த பருப்பும் பாயசம் மாதிரி ஒன்றும் சப்பென்று இருந்தன. காரணம் பிறகு மருமகன் சொல்லித் தெரிந்தது. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஏலகிரி இல்லை, ஊட்டி உயரம். காற்றின் ஈரப்பதமும் இருபது சதவீதத்துக்குக் கீழே போய்விடும். அந்த நிலையில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கிவிடும், புளிப்பும் காரமும் அவ்வளவாக மங்காதாம். நம் பாட்டிகள் கட்டுச்சோறு என்றால் புளியைத்தான் எடுத்தார்கள், அது கெடாமல் இருக்க. ஊட்டி உயரத்துக்கும் சேர்த்துப் பொருந்திப்போனது.

ஈரப்பதத்தை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்தில் என் புறங்கை, உலர்த்தும் அறையில் ஒரு நாள் கூடுதலாகத் தொங்கிய ஆட்டுத்தோல் மாதிரி ஆகிவிட்டது. உதடு வெடித்தது. மனைவியின் கணுக்கால் வீங்கியது. மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று வேலூரில் மருத்துவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் பல்விளக்கும் டம்ளரில் பாதி. தூக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பக்கத்து இருக்கை காலி. கழிவறைக்குப் போயிருப்பாள் என்று பத்து நிமிடம் பார்த்தேன். வரவில்லை. இருட்டில் மற்றவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

விமானத்தின் வால்பக்கத்தில் திரைச்சீலை போட்ட ஒரு சின்ன இடம், அதுதான் அவர்கள் சமையலறை. அங்கே மட்டும் விளக்கு எரிந்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆவி பறக்கும் காகித டம்ளர். எதிரே பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டைச் செருப்போடு, எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஆங்கிலத்தில் 'வாட்டர்', 'தேங்க்யூ' தவிர வேறு வார்த்தை கிடையாது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நான்கு வயதில் மகன் இருக்கிறான், அவனை அவள் அம்மா வளர்க்கிறாள், பார்த்து மூன்று மாதமாகிறது என்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். "போட்டோ காட்டினாள். விரல் விட்டு எண்ணினாள். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?" என்றாள்.

சுக்குப் பொடியை எடுத்துக்கொண்டு வெந்நீருக்காக அவளே எழுந்து போயிருக்கிறாள். அந்தப் பெண் வெந்நீர் கொடுத்துவிட்டு, இரண்டு வாழைப்பழம், ரொட்டி, தயிர், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். இவள் அங்கேயே நின்று ஒரு மணி நேரம் கழித்திருக்கிறாள். கணுக்கால் வீக்கமும் பாதி வடிந்துவிட்டது.

"பொத்தானை அழுத்தியிருந்தால் இதெல்லாம் இருக்கையிலேயே வந்திருக்குமே" என்றேன்.

"வந்திருக்கும். அவள் நின்றுகொண்டே கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்."

சிகாகோவில் மூன்று பெட்டிகள்தான் வந்தன. வராதது லேகியப் பெட்டி. சுழலும் பட்டை நின்றே போய்விட்டது. பெட்டி தொலைந்தால் அங்கேயே புகார் எழுதி, எண் போட்ட சீட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்த விதி. கவுன்டரில் இருந்தவர் எங்கள் பக்கம் பார்க்காமலே கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். நான் பவ்யமாக நின்றேன். பதினான்கு மணி நேரம் தண்ணீருக்கு மணியடிக்காதவள் மேஜை மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். "என் பெண்ணுக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. எழுதிக்கொள்" என்றாள், தமிழில்தான். அவர் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து பெட்டி மகள் வீட்டு வாசலுக்கு வந்தது. லேகியம் சிந்தவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பங்குனியில் திரும்பினோம். அதே விமான நிறுவனம், அதே வகை விமானம், இந்த முறை ஏ.வி.எம்.எல். சாப்பாடு. மனைவிக்கு அடுத்த இருக்கையில் சித்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், தனியாக வந்தவர். பேரனைப் பிரிந்த அழுகை ஓய்ந்து களைத்திருந்தார். சாப்பிடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, கைகளை மடியில் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். விளக்கணைத்த பிறகு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினார். மறுபடி வந்தது.

என் மனைவி இருட்டில் அந்த அம்மாவின் ரிமோட்டை உருவி, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி பைக்குள் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்த அம்மாவின் தலைமேல் பளீரென்று விளக்கு எரிந்தது. அவர் திடுக்கிட்டு மேலே பார்த்தார், இவளும் பார்த்தாள்.

"ஏங்க, எது ஆள் படம்?" என்றாள் என்னைப் பார்த்து. காட்டினேன். அழுத்தினாள்.